முதல்முறை ஆர்பிஜி நடத்தப் போகிறவருக்கு: கதை எழுதாதீர்கள், சிக்கலை மட்டும் வையுங்கள்

கேள்வி: நாங்கள் ஐந்து நண்பர்கள். டேபிள்டாப் ஆர்பிஜி, அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை பேசி ஆடும் ஆட்டம், ஆடிப் பார்க்க ஆசை. யாருக்கும் முன்னனுபவம் இல்லை. நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. முந்நூறு பக்க விதிப்புத்தகத்தைப் படித்து முடித்து, நல்ல கதை ஒன்றையும் எழுதிவைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். விதிப்புத்தகத்தின் பெரும்பகுதி மந்திரப் பட்டியல், ஆயுதப் பட்டியல், பிராணிகளின் விவரம் என்று தேவைப்படும்போது புரட்டிக்கொள்ளும் பக்கங்கள்தான். கதை விஷயம் அதைவிட முக்கியம். நீங்கள் எழுதிவைத்த கதையை விட்டு மற்ற நால்வரும் முதல் அரை மணி நேரத்திலேயே வெளியே நடந்துவிடுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, அப்படி நடக்கத்தான் இந்த ஆட்டமே.

ஆட்டத்தின் இயக்கம் மிகச் சின்னது. நடத்துபவர் ஒரு நிலைமையைச் சொல்கிறார். "என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்கிறார். ஆட்டக்காரர் தன் பாத்திரம் செய்வதைச் சொல்கிறார். நடக்குமா நடக்காதா என்பது நிச்சயமில்லை என்றால் பகடை உருள்கிறது. விழுந்த எண்ணுக்கு ஏற்ப நிலைமை மாறுகிறது, மறுபடி அதே கேள்வி. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்ட பிறகு வந்த ஆட்டங்களில் பெரும்பாலானவை இந்தச் சுழலையே வெவ்வேறு விதிகளால் சுற்றுகின்றன. ஓர் ஆட்டம் சப்பென்று போனால் இந்தச் சுழல் எங்கே அறுந்தது என்று பாருங்கள். கேள்வி கேட்கப்படாமல் போயிருக்கும், அல்லது பதிலுக்கு விளைவே இல்லாமல் போயிருக்கும்.

எந்த விதிகளில் ஆடுவது

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், சுருக்கமாக டி அண்ட் டி-தான் எல்லோருக்கும் தெரிந்த பெயர். இப்போது புழக்கத்தில் இருப்பது 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பும் அதன் 2024 திருத்தமும். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரியிலிருந்து, இலவசமாகப் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கிறது. அதனால் தொடங்கிப் பார்க்கப் புத்தகம் வாங்க வேண்டியதில்லை. நான்கு முகம், ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு, இருபது முகம், கூடவே நூற்றுக்கான பத்துகளைக் காட்டும் இன்னொரு பத்து முகம் என்று ஏழு பகடை கொண்ட செட் ஒன்று வேண்டும். மேசைக்கு இரண்டு செட் போதும். ஃபோனில் உருட்டினாலும் கணக்கு ஒன்றுதான். ஆனால் கையில் குலுக்கி எல்லோர் கண் முன்னே விழும் பகடைக்கு ஒரு கெத்து இருக்கிறது.

டி அண்ட் டி-யில் தொடங்குவது தப்பில்லை. எல்லாவகைக் கதையையும் அதற்குள் திணிப்பதுதான் தப்பு. அந்த விதிகள் அதிகம் பேசுவது சண்டையைப் பற்றி. வீரர்கள் அடிபட்டாலும் மறுநாள் எழுந்து நிற்பார்கள். துப்புத் துலக்கும் பயங்கரக் கதை வேண்டுமென்றால் 1981 முதல் வரும் கால் ஆஃப் கதுலு பொருத்தம். அதில் திறமை எல்லாம் நூற்றுக் கணக்கு. 'நூலக ஆராய்ச்சி 60' என்றால் நூற்றுப் பகடையில் 60 அல்லது அதற்குக் கீழே விழ வேண்டும். கடினமான வேலைக்குப் பாதி, அதாவது 30. மிகக் கடினம் என்றால் ஐந்தில் ஒரு பங்கு, 12. புதியவருக்கு விளக்கம் தேவைப்படாத கணக்கு இது.

மூன்றாவது குடும்பம் 2010-இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்டிலிருந்து கிளைத்தது. இரண்டு ஆறு முகப் பகடை போதும். கூட்டல் 10 அல்லது மேலே என்றால் முழு வெற்றி, 7 முதல் 9 வரை என்றால் நடக்கும் ஆனால் விலை உண்டு, 6 அல்லது கீழே என்றால் நடத்துபவர் கை ஓங்கும். பாத்திரத்துக்கு +1 இருந்தால் முழு வெற்றிக்கு 28%, தோல்விக்கு 28%, நடுவில் வரும் 'ஆனால்' 44%. அந்த நடுப்பகுதிதான் கதையைத் தள்ளிக்கொண்டு போகிறது. அதே சமயம் ஒவ்வொரு முறையும் ஒரு விலையை யோசிக்க வேண்டியிருப்பதால் நடத்துபவரின் மூளைக்கு நல்ல வேலை.

உங்கள் நிலையில் முதல் மாலைக்கு என் பரிந்துரை லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ். ஜான் ஹார்ப்பர் எழுதியது, மொத்த விதியும் ஒரே பக்கம், இலவசம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் 2-இலிருந்து 5-க்குள் ஒரே ஓர் எண். அறிவியல், நிதானம் சார்ந்த வேலை என்றால் அந்த எண்ணுக்குக் கீழே விழ வேண்டும், உணர்ச்சி சார்ந்தது என்றால் மேலே விழ வேண்டும். பாத்திரம் உருவாக்கப் பத்து நிமிடம். இரண்டு மணி நேரத்தில் ஆடி முடித்து எழும்போது, சுழல் எப்படிச் சுற்றுகிறது என்று எல்லோருக்கும் பிடிபட்டிருக்கும். அதன் பிறகு டி அண்ட் டி-க்குப் போனால் கற்க வேண்டியது விதி மட்டும்தான்.

ஆள், நேரம், முதல் பேச்சு

நடத்துபவர் ஒருவர், ஆடுபவர் மூன்று அல்லது நான்கு பேர். உங்கள் ஐவர் கணக்கு சரியாக இருக்கிறது, ஆறாவது நண்பர் கேட்டால் தயங்குங்கள். மூன்று மணி நேர ஆட்டத்தில் உட்கார்ந்து செட்டில் ஆவது, இடைவேளை எல்லாம் போக 150 நிமிடம் தேறும். அதில் பாதி நடத்துபவர் பேசுவது. மிச்சம் 75 நிமிடத்தை நால்வர் பங்கிட்டால் ஆளுக்கு 19 நிமிடம், ஆறு பேர் பங்கிட்டால் 12. மூன்று மணி நேரம் உட்கார்ந்து 12 நிமிடம் பேசுகிறவர் ஃபோனை எடுக்கத்தான் செய்வார்.

இந்த ஆட்டங்களைச் சாகடிப்பதில் விதிக்குழப்பத்தைவிடப் பெரிய கொலையாளி நாட்காட்டி. 'எல்லோருக்கும் வசதியான நாள்' என்று ஒன்று வராது. கிழமையை நிலையாக வையுங்கள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். நால்வரில் மூவர் வந்தால் ஆட்டம் உண்டு என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். வராதவரின் பாத்திரம் அன்று பின்னணியில் நடந்து வரும், சாகாது, அவர் பொருளை யாரும் எடுத்துச் செலவழிக்க மாட்டார்கள். தொடர்கதையாக ஆட நினைத்தாலும் முதலில் 'நான்கு செஷன்' என்று மட்டும் பேசுங்கள். முடிவு தெரியும் ஒன்றுக்கு வாக்குக் கொடுப்பது எல்லோருக்கும் எளிது.

முதல் ஆட்டத்துக்கு முன் ஒரு பேச்சு வேண்டும், செஷன் ஸீரோ என்பார்கள். அரை மணி நேரம் போதும். கதையின் மணம் என்ன, சிரிப்பா, பயமா, வீரமா? பாத்திரங்கள் சாகலாமா? நம் பாத்திரங்களுக்குள் துரோகம் செய்துகொள்ளலாமா? இந்த மூன்றாவதைப் பேசாமல் விட்ட மேசைகளில்தான் ஒருவர் சக பாத்திரத்தின் பையிலிருந்து திருடிவிட்டு "என் பாத்திரம் அப்படித்தான்" என்று நிற்பார். அந்த வாக்கியம் வரும்போது விதிப்புத்தகம் உதவாது. உண்மையில் சண்டை இரண்டு நண்பர்களுக்குள். தடுப்பு மருந்து சுலபம். பாத்திரம் உருவாக்கும்போதே ஒவ்வொருவரும் இரண்டு வாக்கியம் சொல்ல வேண்டும்: இந்தக் கூட்டத்தோடு ஏன் சேர்ந்து போகிறேன், எனக்கு இடப்பக்கம் இருப்பவரின் பாத்திரம் எனக்கு என்ன உதவி செய்திருக்கிறது. 'இருட்டு மூலையில் தனியே குடிக்கும் மர்ம மனிதன்' எந்த மேசையிலும் ஒருவர் கொண்டுவருவார். அவரும் இந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்லியாக வேண்டும்.

கதையில் வரவே கூடாதவை எவை, வரலாம் ஆனால் விவரிக்காமல் கடக்க வேண்டியவை எவை என்றும் கேளுங்கள். குழந்தைகளுக்குத் துன்பம், சித்திரவதை, சிலந்தி என்று ஆளாளுக்கு ஏதாவது இருக்கும். காரணம் கேட்கக் கூடாது. நடுவில் ஒரு சீட்டில் எக்ஸ் குறி போட்டு வைத்து, யார் தொட்டாலும் அந்தக் காட்சியை அப்படியே விட்டு நகர்வது பரவலான பழக்கம். நெருங்கிய நண்பர்களுக்குள் இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். நண்பர் என்பதாலேயே சொல்லக் கூச்சப்பட்டு மூன்று மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவர்களும் உண்டு.

என்ன தயார் செய்வது

சம்பவங்களை வரிசையாக எழுதாதீர்கள். "முதலில் அவர்கள் காவலரிடம் பேசுவார்கள், பிறகு குகைக்குப் போவார்கள்" என்ற வரியில் எழுவாய் 'அவர்கள்' என்று வந்தாலே அது உங்கள் வேலையில்லை. உங்கள் குறிப்பில் வர வேண்டியது: யாருக்கு என்ன வேண்டும், யாரும் தடுக்காவிட்டால் என்ன நடக்கும், எந்த இடத்தில் என்ன கிடக்கிறது. ஒரு தாளின் இரண்டு பக்கத்துக்குள் அடங்க வேண்டும்.

உதாரணத்துக்கு ஒன்று கட்டுவோம். ஒரு கடலோரச் சிற்றூர். கலங்கரை விளக்கம் மூன்று இரவாக எரியவில்லை. நாளை இரவு தானியக் கப்பல் வருகிறது. விளக்கு இல்லையென்றால் பாறையில் மோதும்.

இதில் மூன்று பேருக்கு மூன்று ஆசை. கடத்தல்காரத் தலைவிக்குக் கப்பல் உடைய வேண்டும், சரக்கு கரை ஒதுங்க வேண்டும். விளக்குக் காவலருக்கு மகள் உயிரோடு திரும்ப வேண்டும். அவளைத் தலைவி பிடித்து வைத்திருப்பதால்தான் விளக்கை அவரே அணைத்துவிட்டு, எந்திரம் பழுது என்று பொய் சொல்கிறார். ஊர்த்தலைவருக்கு விசாரணையே நடக்கக் கூடாது. விளக்குக்கு வந்த எண்ணெயில் பாதியை அவர் முன்பே விற்றுத் தின்றிருக்கிறார். மூவரும் பொய் சொல்ல ஆளுக்கொரு காரணம் இருப்பதால், ஆட்டக்காரர்கள் யாரிடம் போனாலும் ஏதாவது நடக்கும்.

தடுக்காவிட்டால் நடப்பதை ஒரு வட்டமாக வரைந்து நான்காகப் பிரியுங்கள். ஒரு கட்டம் நிரம்பினால் கடத்தல்காரர்கள் ஊருக்குள் ஆள் வைத்து வேவு பார்க்கிறார்கள். இரண்டானால் காவலரை மிரட்ட வருகிறார்கள். மூன்றானால் மகளைப் படகில் ஏற்றுகிறார்கள். நான்கானால் கப்பல் பாறையில். ஆட்டக்காரர்கள் நேரத்தை வீணடித்தாலோ பெரிய தோல்வி கண்டாலோ ஒரு கட்டத்தை அவர்கள் கண் முன்னே நிரப்புங்கள். மறைத்து வைக்காதீர்கள், அந்தப் பேனாச் சத்தமே பதற்றம் கொடுக்கும்.

அடுத்தது தடயம். 'மகள் கடற்குகையில் பிணையாக இருக்கிறாள்' என்பது கதையின் திறவுகோல். இதற்கு ஒரே தடயம் வைத்து, அதையும் பகடைக்குப் பின்னால் ஒளித்துவைத்தால், பகடை கவிழும், ஆட்டமும் அங்கேயே உட்கார்ந்துவிடும். துப்பறியும் ஆட்டங்கள் சொதப்புவதற்கு முதல் காரணம் இதுதான். ஒரு முடிவுக்கு மூன்று தடயம் வையுங்கள், வெவ்வேறு இடங்களில். காவலர் வீட்டில் இரண்டு தட்டு, ஒன்றில் மூன்று நாள் பழைய உணவு தொடாமல் காய்ந்திருக்கிறது. கடல் உள்வாங்கும் நேரத்தில் குகை வாயில் வெளிச்சம் பார்த்ததாக ஒரு மீனவச் சிறுவன் சொல்கிறான். பிடிபட்ட கடத்தல்காரன் பையில் சின்னப் பெண்ணின் ஒற்றைச் செருப்பு. மூன்றில் ஒன்றைத் தவறவிடுவார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது காப்பாற்றும். தேடுகிறேன் என்று சொல்லிச் சரியான இடத்தில் தேடுகிறவருக்குத் தடயத்தைக் கொடுத்துவிடுங்கள். பகடை உருட்ட வேண்டுமென்றால் எவ்வளவு நேரத்தில் கிடைத்தது, யார் கண்ணில் பட்டார்கள் என்பதற்கு உருட்டுங்கள்.

இன்னும் இரண்டு பொருள். பத்துப் பெயர் எழுதிய சீட்டு ஒன்று: யாரோ ஒரு கடைக்காரரிடம் "உங்க பேரு?" என்று கட்டாயம் கேட்பார்கள், நீங்கள் திணறுவதைப் பார்த்தே அவர் முக்கியமில்லாதவர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். மற்றொன்று பாத்திரத் தாள்கள். டி அண்ட் டி என்றால் புதியவர் ஒருவர் பாத்திரம் உருவாக்க ஒரு மணி நேரம் தின்றுவிடும். தயாரான தாள் ஐந்தோ ஆறோ வைத்து, நால்வரையும் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பெயரும் அந்த இரண்டு வாக்கியமும் மட்டும் அவர்களுடையது.

மேசையில் உட்கார்ந்ததும்

நடுச்சிக்கலில் தொடங்குங்கள். சத்திரத்தில் முன்பின் தெரியாதவர்கள் சந்திப்பதாகத் தொடங்கினால் முதல் நாற்பது நிமிடம் அறிமுகத்திலேயே போகும். "விளக்கு மாடத்தின் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருக்கிறீர்கள். மேலே கண்ணாடி உடையும் சத்தம். கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது. என்ன செய்கிறீர்கள்?" இவ்வளவுதான். விவரணை மூன்று வாக்கியத்தைத் தாண்டினால் யாரும் கேட்பதில்லை. ஒன்று கண்ணுக்கு, ஒன்று காதுக்கோ மூக்குக்கோ, கடைசி வாக்கியத்தில் கை வைக்கக்கூடிய ஒரு பொருளோ ஆளோ. கடைசியாகச் சொன்னதைத்தான் அவர்கள் பிடித்துக்கொள்வார்கள், ஆகவே முக்கியமானதைக் கடைசியில் சொல்லுங்கள்.

பகடையை எப்போது எடுப்பது என்பதில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். மூன்று கேள்வி: இது நடக்க வாய்ப்பிருக்கிறதா? நடக்காமல் போகவும் வாய்ப்பிருக்கிறதா? நடக்காமல் போனால் நிலைமை மாறுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் மட்டும் உருட்டச் சொல்லுங்கள். அவசரமில்லாத, யாரும் பார்க்காத பூட்டைத் திறக்கத் தெரிந்தவர் திறக்கிறார் என்றால், திறந்துவிட்டது, அவ்வளவுதான். அதே பூட்டை இரண்டு காவலர்கள் நெருங்கும்போது திறந்தால் பகடை. அப்போதும் 'திறக்கவில்லை' என்பது மோசமான தோல்வி. மறுபடி முயல்கிறேன் என்பார், மறுபடி, மறுபடி. 'திறந்துவிட்டது, ஆனால் கம்பி உள்ளே முறிந்த சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது' என்றால் ஆட்டம் ஓடுகிறது. உருட்டுவதற்கு முன்பே தோற்றால் என்ன ஆகும் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். "தவறினால் காவலர்கள் திரும்புவார்கள், சரியா?" இதைக் கேட்டு அவர் பின்வாங்கினால் அதுவும் ஒரு முடிவுதான்.

டி அண்ட் டி-யில் இலக்கு எண் (வெற்றிக்குப் பகடைக் கூட்டல் எட்ட வேண்டியது) குறிக்க 10, 15, 20 என்ற மூன்றுக்கு மேல் உங்களுக்கு வேண்டாம். முதல் நிலைப் பாத்திரம், அதாவது இப்போதுதான் தொடங்கும் பாத்திரம், தனக்கு நன்றாகத் தெரிந்த வேலைக்கு இருபது முகப் பகடையோடு +5 கூட்டுவார். வலிமை, அறிவு போன்ற பண்பு 16-க்கு +3, அந்த வேலையில் பயிற்சிக்கு +2. அவருக்கு 10 என்பது 80% வாய்ப்பு, 15 என்பது 55%, 20 என்பது 30%. நல்ல யோசனையோ உதவியோ இருந்தால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுக்கலாம். 55% அப்போது 80% ஆகிறது. புத்திசாலித்தனமான திட்டத்துக்கு இதைத் தாராளமாகக் கொடுங்கள்.

இதில் ஒரு கணக்குக் கண்ணி உண்டு. ஐந்து பேர் ஒளிந்து நகர்கிறார்கள், ஆளுக்கு 60% வாய்ப்பு. ஒருவர் தவறினாலும் எல்லோரும் மாட்டுவார்கள் என்று வைத்தால் வெற்றி வாய்ப்பு 8%-க்குக் கீழே. ஒளிந்து போகும் திட்டமெல்லாம் சண்டையில் முடிவதற்குப் பகடையைத் திட்டிப் பயனில்லை, கேட்ட விதமே அப்படி. குழுவாக உருட்டச் சொல்லி, பாதிப்பேராவது வென்றால் போதும் என்று வையுங்கள், ஐந்தாம் பதிப்பின் விதியும் அதுதான். அதே ஐவருக்கு இப்போது 68%. இதேபோல் ஒரே வேலைக்கு வாசலில் ஒருமுறை, முற்றத்தில் ஒருமுறை, படியில் ஒருமுறை, அறையில் ஒருமுறை என்று உருட்ட வைத்தால், ஒவ்வொன்றிலும் 75% இருந்தாலும் நான்கையும் தாண்ட 32%-தான். ஒருமுறை உருட்டினால் நிலைமை பெரிதாக மாறும்வரை அந்த முடிவே நிற்கட்டும். மறுபக்கம், "நானும் பார்க்கிறேன்" என்று ஐந்து பேரும் ஒரே தடயத்துக்கு 55% வாய்ப்போடு உருட்டினால் ஐவரும் தோற்பது 2%கூட இல்லை. உருட்டியதே வீண்.

சண்டை

முதல் செஷனில் ஒரு சண்டை, அதிகபட்சம் இரண்டு. நான்கு புதியவர்கள் ஆடும் சண்டை எளிதாக நாற்பது நிமிடம் எடுக்கும்.

எதிரிகளின் பலத்தைவிட எண்ணிக்கையைக் கவனியுங்கள். 2014 விதிகளில் காப்ளின் என்ற சின்னப் பிராணிக்கு 7 ஹிட் பாயிண்ட் (எவ்வளவு சேதம் தாங்கும் என்ற எண்), ஆர்மர் கிளாஸ் 15 (அதன் மேல் அடி விழப் பகடைக் கூட்டல் எட்ட வேண்டிய எண்), தாக்கும் பகடைக்கு +4, ஒரு அடிக்குச் சராசரி 5.5 சேதம். எதிரே நான்கு முதல் நிலைப் பாத்திரங்கள், மொத்தம் சுமார் 40 ஹிட் பாயிண்ட், ஆர்மர் சராசரி 14. காப்ளினின் அடி விழ 55%, ஆகவே ஒரு காப்ளின் ஒரு சுற்றுக்குச் சராசரி 3 சேதம் செய்யும். நம்மவர்களின் அடியும் 55%. விழுந்தாலும் எட்டு முகப் பகடை கூட்டல் 3 என்ற சேதத்தில் ஒரே அடியில் சாய்ப்பது எட்டில் ஐந்து முறை. ஆகச் சுற்றுக்கு ஒன்று அல்லது ஒன்றரைக் காப்ளின் விழும்.

மூன்று காப்ளின் முந்திக்கொண்டு தாக்கினால் முதல் சுற்றில் 9, அடுத்ததில் 5, பிறகு மிச்சம் இருப்பது அநேகமாக ஒன்றும் இல்லை. மொத்தச் சேதம் 14. ஆறு காப்ளின் என்றால் முதல் சுற்றில் 18, அடுத்ததில் 14. இரண்டே சுற்றில் 40-இல் 32 காலி, எதிரே இன்னும் மூன்று நிற்கின்றன. எதிரியின் எண்ணிக்கை இரட்டித்தால் ஆபத்து இரட்டிப்பதில்லை, அதைவிட அதிகமாகிறது. மந்திரவாதிக்கு அந்த நிலையில் 8 ஹிட் பாயிண்ட்தான் இருக்கும், இரண்டு அடியில் படுத்துவிடுவார். முதல் ஆட்டத்தில் ஆட்டக்காரர் எண்ணிக்கையைவிட எதிரி ஒன்று குறைவாக இருக்கட்டும். குறைந்தது என்று தோன்றினால் இரண்டாம் சுற்றில் வாசல் வழியாக இன்னொன்று ஓடி வரலாம். இறங்கிய ஆளைத் திரும்ப அழைப்பதுதான் கஷ்டம்.

பெரிய ஒற்றை எதிரி இதன் மறுபக்கம். நான்கு பேர் நான்கு முறை அடிப்பார்கள், அது ஒருமுறை அடிக்கும், மூன்று சுற்றில் கதை முடிந்துவிடும். கூட இரண்டு கைத்தடிகளை நிறுத்துங்கள்.

எதிரிகள் எல்லோரும் கடைசி மூச்சுவரை போராட வேண்டியதில்லை. 1981-இன் பேசிக் டி அண்ட் டி-யில் ஒவ்வொரு பிராணிக்கும் மன உறுதி எண் ஒன்று இருந்தது. கூட்டத்தில் முதல் சாவு விழும்போதும், பாதிப்பேர் வீழ்ந்தபோதும் இரண்டு ஆறு முகப் பகடை உருட்டி, அந்த எண்ணுக்கு மேல் விழுந்தால் ஓட்டம் அல்லது சரணாகதி. அந்தப் பழைய விதியைக் கடன் வாங்குங்கள். சண்டை நேரம் நன்றாகக் குறையும். சரணடைந்த கடத்தல்காரனிடம்தான் அந்த ஒற்றைச் செருப்பும் இருக்கிறது.

வேகத்துக்கு: முறை வரிசையை எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வையுங்கள். "ஒருவர் ஆடுகிறார், அடுத்தவர் தயாராகட்டும்" என்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். தாக்கும் பகடையையும் சேதப் பகடையையும் ஒன்றாக உருட்டச் சொல்லுங்கள். முடிவு தெரிந்துவிட்ட சண்டையை அங்கேயே நிறுத்தி, "மீதிப்பேரை எப்படி மடக்கினீர்கள், சொல்லுங்கள்" என்று கேட்டு முடித்துவிடலாம்.

ஆட்களோடு

கூச்சப்படுகிறவரிடம் "நீ ஏதாவது செய்றியா?" என்று கேட்டால் "இல்லை, பரவாயில்லை" என்பதுதான் பதில். பாத்திரத்தின் பெயரைச் சொல்லி, இரண்டு வாசல் திறந்து வையுங்கள். "உன் ஆள்தான் கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். காலடிச் சத்தம் நெருங்குகிறது. கதவை அடைக்கிறாளா, ஒளிகிறாளா?" இரண்டுக்கும் வெளியே மூன்றாவதை அவர் சொன்னால் உங்களுக்கு வெற்றி. நிறையப் பேசுகிறவரை அடக்க வேண்டாம். அவர் திட்டத்தின் அடுத்த படியை மற்றவர் கையில் கொடுங்கள்.

இருபது நிமிடமாகத் திட்டம் தீட்டிக்கொண்டே இருந்தால் வட்டத்தில் ஒரு கட்டத்தை நிரப்புங்கள். உடனே எழுந்துவிடுவார்கள்.

விதியில் சந்தேகம் வந்தால் ஒரு நிமிடம் தேடலாம். கிடைக்காவிட்டால் ஆட்டக்காரருக்குச் சாதகமாக ஒரு தீர்ப்புச் சொல்லி, சீட்டில் குறித்துக்கொண்டு, ஆட்டம் முடிந்ததும் பாருங்கள். அடுத்த முறை சரியான விதி, போன முறை தீர்ப்பு அப்படியே நிற்கும். பாத்திரம் சாகும் தறுவாயில் மட்டும் இந்த அவசரம் வேண்டாம், அங்கே புத்தகத்தைப் பொறுமையாகப் புரட்டுங்கள்.

பகடையை மறைத்து உருட்டி, வசதிக்கு எண்ணை மாற்றிச் சொல்வது பற்றிக் கேட்பீர்கள். சிலர் செய்கிறார்கள். நான் வேண்டாம் என்பேன். ஒருமுறை சந்தேகம் வந்துவிட்டால் அதற்குப் பிறகு கிடைக்கும் எந்த வெற்றியும் இனிக்காது. மாற்ற நினைக்கும் அளவுக்கு மோசமான விளைவு என்றால், உருட்டுவதற்கு முன்பே விளைவை மாற்றுங்கள். சாவுக்குப் பதில் சிறைபிடிப்பு, வாளை இழப்பது, வட்டத்தில் இரண்டு கட்டம்.

ஆன்லைனில் ஆடுவதானால் மூவர் போதும். குரல்கள் மோதிக்கொள்ளும், ஆகவே பெயர் சொல்லி அழைப்பது இன்னும் அவசியம். டிஸ்கார்ட் செயலியில் ஒரு குரல் அறை, பகடை உருட்டித் தர ஒரு பாட் (தானியங்கி நிரல்), இவை இருந்தால் தொடங்கிவிடலாம். ரோல்20 போன்ற வரைபட மேசைகளைக் கற்கப் போனால் முதல் மாலை முழுக்க செட்டிங்ஸில் கழியும். அது மூன்றாம் செஷனுக்கு.

முடிக்கும் நேரம்

ஒன்றரை மணி நேரத்தில் பத்து நிமிட இடைவேளை விடுங்கள். அவர்களைவிட உங்களுக்குத்தான் அது தேவை, தாளைப் பார்த்து எது நடக்கவே இல்லை, எதை வெட்டலாம் என்று முடிவு செய்ய. ஒரே மாலையில் முடிய வேண்டிய கதை என்றால், மூன்று மணி நேரத்தில் கடைசி முக்கால் மணி நேரம் குகைக்கும் கப்பலுக்கும் ஒதுக்கப்பட்டது. அந்த நேரம் வந்ததும் எங்கே இருந்தாலும் அவர்களைக் குகை வாசலுக்குக் கொண்டு போய்விடுங்கள். மீனவச் சிறுவன் மூச்சிரைக்க ஓடி வந்து சொன்னால் போதும்.

தொடரப் போகிறீர்கள் என்றால் கடைசி ஐந்து நிமிடத்தில் கேட்க வேண்டிய கேள்வி: "அடுத்த முறை எங்கே போகப் போகிறீர்கள்?" தப்பிய தலைவியைத் துரத்துவதா, எண்ணெய் விற்ற ஊர்த்தலைவரைப் பிடிப்பதா? அவர்கள் சொன்ன பக்கத்துக்கு மட்டும் தயார் செய்தால் போதும், வேலை பாதியாகிவிடும். கூடவே இன்று எது பிடித்தது, எது இழுத்தது என்று ஆளுக்கு ஒரு வாக்கியம் கேளுங்கள். அன்றிரவே தூங்குவதற்கு முன் ஐந்து வரி எழுதிவையுங்கள்: யார் செத்தார், யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தார்கள், நீங்கள் அந்த நிமிடத்தில் வாய்க்கு வந்தபடி வைத்த பெயர்கள் என்னென்ன. இரண்டு வாரம் கழித்து மீனவச் சிறுவனின் பெயர் ஆட்டக்காரர்களுக்கு நினைவிருக்கும், உங்களுக்கு இருக்காது.